மைதானத்துக் கூட்டமும் கழகத்தின் பணப்பெட்டியும்



உத்தியோகத்தின் பொருட்டோ வாணிபத்தின் பொருட்டோ கொல்கத்தா நகரில் சென்று குடியேறிய தமிழர்களுக்கு ஒரு கேள்வி மிகவும் பழக்கமானது. ஊர் எது, மொழி எது, வீட்டில் எத்தனை பேர் என்ற விசாரணைகள் முடிந்தவுடன் வங்காள நண்பர்கள், ‘நீங்கள் மோகன் பகானா, ஈஸ்ட் பெங்காலா?’ என்று கேட்பார்கள். இரண்டும் இல்லை என்ற விடையை அவர்கள் எளிதில் ஏற்பதில்லை. கால்பந்தில் பற்றில்லாதவன் ஒருவன் இருக்கலாம். ஆனால் எந்தக் கழகத்தையும் சாராதவன் ஒருவன் அந்நகரில் இருக்க முடியும் என்று அவர்களால் எண்ணிப் பார்க்க இயலாது. ஈஸ்ட் பெங்கால் வென்ற நாளில் ஹில்சா மீனுக்கும், மோகன் பகான் வென்ற நாளில் இறாலுக்கும் சந்தையில் கிராக்கி ஏறும் என்பர். லேக் மார்க்கெட் வட்டாரத்தில் வாழும் நம்மவரில் மீன் உண்ணாத குடும்பங்களுக்கு இதனால் லாபமும் இல்லை, நஷ்டமும் இல்லை. ஆயினும் ஆட்டம் நடைபெறும் மாலையில் பேருந்தில் இடம் கிடைக்காது என்ற அளவிலேனும் இந்தக் கழகங்களின் மகிமையை அவர்கள் உணர்ந்தே இருப்பார்கள்.

இவ்வளவு திரளான ஜனங்கள் ஒரு கழகத்தின்பால் அபிமானம் வைத்திருக்கும்போது, அந்தக் கழகத்தின் பணப்பெட்டி மட்டும் ஏன் எப்பொழுதும் காலியாக இருக்கிறது? வருமானம் போதாத கழகத்தை, கூட்டம் இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக மேல் பிரிவுக்கு ஏற்றுவது முறையா? கூட்டமே இல்லாத, ஆனால் பணம் படைத்த கழகம் ஏறி வருமானால் அதைத் தடுப்பதற்கு எவருக்கேனும் உரிமை உண்டா? இந்திய நாட்டுக் கால்பந்தில் சென்ற சில ஆண்டுகளாக நிகழ்ந்து வருபவற்றைக் கவனித்தால் இந்த வினாக்களைத் தவிர்ப்பதற்கில்லை.

முதலில் ஒரு சொல்லைப் பற்றிச் சிறிது கூற அனுமதி வேண்டுகிறோம். அரசாங்கக் காகிதங்களை நாள்தோறும் தமிழில் பெயர்க்கும் நமக்கு, ‘புரமோஷன்’ என்றவுடன் ‘பதவி உயர்வு’ என்ற தொடரே பேனாவின் முனையில் வந்து நிற்கும். ஆனால் கால்பந்தில் வரும் புரமோஷன் அதுவன்று. அலுவலகத்தில் ஒருவர் மேலே ஏறுவதற்கு மற்றொருவர் கீழே இறங்க வேண்டியதில்லை. ஓய்வு பெற்றால் போதும். கால்பந்து லீகிலோ, கீழ்ப்பிரிவில் முதலிடம் பெற்ற கழகம் மேலே ஏற, மேற்பிரிவில் கடைசியில் நின்ற கழகம் கீழே இறங்க வேண்டும். ஏற்றமும் இறக்கமும் ஒரே துலாக்கோலின் இரு தட்டுகள். ஆகையால் இதனைப் ‘பிரிவு ஏற்றம்’ என்று வழங்குவதே பொருத்தமென நமக்குத் தோன்றுகிறது. அந்தத் துலாக்கோலில் ஒரு தட்டை மட்டும் கட்டிவிட்டு மற்றொன்றைக் கட்டாமல் விட்டால் என்ன நேரும் என்பதைப் பின்னால் காண்போம்.

இங்கிலாந்தில் லீக் ஆட்டங்கள் 1888ஆம் ஆண்டு தொடங்கின. சில ஆண்டுகள் தனிப் பரீட்சை ஆட்டங்கள் நடத்திப் பார்த்துவிட்டு, 1898இல் ஏற்றமும் இறக்கமும் தாமாகவே நிகழும் முறையை வகுத்தார்கள். அதே 1898இல்தான் கல்கத்தாவிலும் லீக் ஆட்டங்கள் ஏற்பட்டன. ஆனால் முறை ஒன்றாயினும் நீதி ஒன்றாக இல்லை. கல்கத்தா லீகின் முதற் பிரிவு வெள்ளையர் கழகங்களுக்கும் ராணுவப் படைப்பிரிவுகளுக்கும் உரியதாக இருந்தது. 1911ஆம் ஆண்டு ஜூலை 29ஆம் நாள், ஈஸ்ட் யார்க்ஷயர் ரெஜிமென்டை 2-1 என்ற கணக்கில் வென்று மோகன் பகான் ஐ.எப்.ஏ. கேடயத்தைக் கைப்பற்றியதை நாம் அனைவரும் பள்ளிப் பாடத்திலேயே படித்திருக்கிறோம். ஆட்டக்காரர்களில் ஒருவரைத் தவிர ஏனையோர் வெறுங்காலுடன் ஆடினார்கள். அறுபதினாயிரம் பேருக்கு மேல் திரண்டதாகக் கூறுவர். பந்து கண்ணுக்குத் தெரியாத தூரத்தில் நின்றவர்களுக்குக் காற்றாடி விட்டுக் கோல் கணக்கை அறிவித்தார்களாம். இத்தனை பெருமை பெற்ற பின்னரும் மோகன் பகான் லீகின் முதற் பிரிவில் ஆடத் தொடங்க 1915ஆம் ஆண்டு வரை காத்திருக்க நேர்ந்தது. அதன் பிறகும், முதற் பிரிவில் இந்தியக் கழகங்கள் இரண்டுக்கு மேல் இருக்கலாகாது என்றொரு விதி இருந்தது.

இந்த விதியை அசைத்தது ஈஸ்ட் பெங்கால். 1920ஆம் ஆண்டு ஆகஸ்டு முதல் நாள் நிறுவப்பட்ட அக்கழகம், 1924இல் இரண்டாம் பிரிவில் முதலிடத்தைப் பகிர்ந்துகொண்டது. ஏற்றம் பெறத் தகுதி இருந்தும் இரண்டு இந்தியக் கழகங்கள் ஏற்கெனவே மேலே இருந்தபடியால் வழி அடைபட்டது. வாதப் பிரதிவாதங்கள் நடந்து, விதி திருத்தப்பட்டு, 1925இல் ஈஸ்ட் பெங்கால் முதற் பிரிவுக்கு வந்தது. ஆயினும் 1928இல் கீழே இறங்கிற்று. மீண்டும் முயன்று 1930இல் இரண்டாம் பிரிவின் உச்சியில் நின்றுகொண்டிருந்த வேளையில், சட்ட மறுப்பு இயக்கத்தின் விளைவாக லீக் ஆட்டங்கள் நடுவே நின்றுபோயின. கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை. அபிமானிகள் நூற்றுக்கணக்கில் தீப்பந்தங்களை ஏந்தி ஊர்வலமாகச் சென்றார்கள். அக்கழகத்தின் சின்னத்தில் இன்றும் காணப்படும் கையில் ஏந்திய தீவட்டி அந்த ஊர்வலத்தின் நினைவே. ஒரு கழகம் தன் வெற்றிக் கோப்பையைச் சின்னமாகக் கொள்வது உலகில் வழக்கம். மறுக்கப்பட்ட பிரிவு ஏற்றத்தைச் சின்னமாக்கிக்கொண்ட கழகம் இதுவொன்றே போலும்.

இதற்கு நான்கு ஆண்டுகளுக்குப் பின் முகமதன் ஸ்போர்ட்டிங் செய்த காரியம் இன்னும் வியப்புக்குரியது. 1891இல் தோன்றிய அக்கழகம், இரண்டாம் பிரிவிலிருந்து ஏறி முதற் பிரிவில் காலடி வைத்த முதல் ஆண்டிலேயே, அதாவது 1934இல், லீக் பட்டத்தை வென்றது. அதற்கு முன் எந்த இந்தியக் கழகமும் அப்பட்டத்தை வென்றதில்லை. தொடர்ந்து 1938 வரை ஐந்து முறை வென்றது. 1940இல் டூரண்டு கோப்பையையும் வென்றது. அந்தக் கோப்பையை வென்ற முதல் இந்தியக் கழகமும் அதுவே. பிரிவு ஏற்றம் என்னும் கதவு திறக்கப்பட்டால் அதன் வழியே நுழைபவன் வீட்டுக்காரனையே வென்றுவிடக் கூடும் என்பதற்கு இதைக் காட்டிலும் சிறந்த சான்று கிடைப்பது அரிது.

அந்நாளில் கழகங்கள் எவ்வாறு பிழைத்தன என்று கேட்கலாம். அவற்றுக்குச் செலவு குறைவு. ஆட்டக்காரர்கள் ரயில்வேயிலோ, துறைமுகத்திலோ, சுங்க இலாகாவிலோ, வங்கியிலோ பணி புரிந்தார்கள். அவர்களுடைய மாதச் சம்பளம் அங்கிருந்து வந்தது. கழகத்தின் வருவாய் அங்கத்தினர் சந்தாவும் செல்வந்தர்களின் கொடையுமே. மைதானம் என்று கொல்கத்தாவில் வழங்கும் அந்தப் பெரிய புல்வெளி ராணுவத்துக்கு உரியது. கழகங்கள் அங்கே கூடாரங்களை அமைத்துக்கொண்டன. இப்பொழுது அவை கட்டடங்களாகிவிட்ட போதிலும் ‘டென்ட்’ என்ற பெயரே நிலைத்துவிட்டது. 1949 முதல் சில ஆண்டுகள் ஈஸ்ட் பெங்காலின் முன்வரிசையில் ஆடி, ‘பஞ்ச பாண்டவர்’ என்று வங்காளிகளால் கொண்டாடப்பட்ட அப்பாராவ், வெங்கடேஷ், தனராஜ், அகமத் கான், சாலே ஆகிய ஐவருமே தென்னாட்டிலிருந்து சென்றவர்கள் என்பதை நேயர்கள் இங்கே நினைவிற்கொள்ளலாம். வங்காளிகள் அவர்களை அந்நியராக நடத்தவில்லை. மைதானம் அந்த வகையில் தாராள மனமுடையது.

ஆனால் நிலம் கழகத்துக்குச் சொந்தமன்று என்பதில் ஒரு நுட்பம் உண்டு. ஐரோப்பியக் கழகம் ஒன்று பணமுடையில் சிக்கினால் தன் அரங்கத்தை அடகு வைக்கலாம், விற்கலாம், வாடகைக்கு விடலாம். கொல்கத்தாக் கழகங்களுக்கு அவ்வசதி இல்லை. தங்கள் திடலில் இருபதினாயிரம் பேருக்குச் சற்று மேல் இடமளிக்க இயலும். பெரிய ஆட்டங்களோ மாநில அரசின் சால்ட் லேக் அரங்கத்தில் நடைபெறுகின்றன. 1984இல் திறக்கப்பட்ட அந்த அரங்கத்தில் 1997ஆம் ஆண்டு ஜூலை 13ஆம் நாள் பெடரேஷன் கோப்பை அரையிறுதி ஆட்டத்தைக் காண 1,31,781 பேர் வந்தார்கள். பைச்சுங் பூட்டியா மூன்று கோல்கள் அடிக்க, ஈஸ்ட் பெங்கால் 4-1 என்று மோகன் பகானை வென்றது. இந்தியாவில் விளையாட்டைக் காண ஓரிடத்தில் கூடிய மிகப் பெரிய கூட்டங்களுள் அது ஒன்று. கூட்டம் என்றால் கொண்டாட்டம் மட்டுமன்று. 1980ஆம் ஆண்டு ஆகஸ்டு 16ஆம் நாள் ஈடன் தோட்டத்தில் இதே இரு கழகங்களும் மோதிய லீக் ஆட்டத்தில் காலரியில் எழுந்த கலவரத்தில் 16 பேர் உயிரிழந்தார்கள். இருக்கைகள் எண்ணிடப்பட்டு, 2017ஆம் ஆண்டு 17 வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பையின் பொருட்டு அரங்கம் புதுப்பிக்கப்பட்ட பின்னர் கொள்ளளவு வெகுவாகக் குறைந்துவிட்டது. அது குறைந்ததற்காக வருந்துவோரும் உண்டு. நாம் அவர்களைச் சேர்ந்தவரல்லர்.

இனிக் கணக்கைப் பார்ப்போம். அறுபதினாயிரம் பேர் வருகிறார்கள், சீட்டு ஒன்றுக்குச் சராசரி 100 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஓர் ஆட்டத்துக்கு 60 லட்சம் ரூபாய். ஒரு பருவத்தில் சொந்த ஊரில் 12 ஆட்டங்கள்; பன்னிரண்டிலும் அரங்கம் நிரம்பினாலும் 7 கோடியே 20 லட்சம். இதிலிருந்து அரங்க வாடகையும், காவலுக்கான செலவும், வரியும் போக வேண்டும். உண்மையில் பன்னிரண்டிலும் நிரம்புவதில்லை. எதிரிக் கழகத்துடன் மோதும் ஓரிரு ஆட்டங்களுக்கே அத்தகைய ஜனத்திரள் வரும். செலவுப் பக்கத்தில், இந்தியன் சூப்பர் லீகில் ஆட்டக்காரர் சம்பளத்துக்கு விதிக்கப்பட்டிருந்த உச்சவரம்பு சில ஆண்டுகளுக்கு முன் 16 கோடியே 50 லட்சம் ரூபாய். ஆக, நாம் கற்பனை செய்த நிறைந்த அரங்கின் வருவாய் சம்பளத்தில் பாதியைக்கூட எட்டவில்லை. பயிற்சியாளர், மருத்துவர், விமானப் பயணம், விடுதி, இளைஞர் அணி ஆகியவை இன்னும் கணக்கில் ஏறவேயில்லை. நமது அபிமானி, ‘நாங்கள் அறுபதினாயிரம் பேர் இருக்கிறோம், கழகத்துக்கு என்ன குறை?’ என்று கேட்கும்போது இந்தக் கூட்டலும் கழித்தலும் அவர் முன்னால் இல்லை. சீட்டின் விலையை ஐந்து மடங்காக்கலாம் என்றால், வருகிறவர்களில் பெரும்பாலோர் எளிய வருவாய் உடையவர்கள். அவர்கள் வெளியே நின்றுவிட்டால் அந்தக் கழகத்துக்குத் தனியாக என்ன பெருமை மிஞ்சும்?

ஆகவே முதலீட்டாளரைத் தேட வேண்டியதாயிற்று. 2010 டிசம்பரில் அகில இந்தியக் கால்பந்துச் சம்மேளனம் தன் வாணிப உரிமைகளை 15 ஆண்டுகளுக்கு 700 கோடி ரூபாய் ஒப்பந்தத்தில் ஐ.எம்.ஜி.-ரிலையன்ஸ் நிறுவனத்துக்கு அளித்தது. அதன் பலனாக 2014இல் இந்தியன் சூப்பர் லீக் பிறந்தது. எட்டு நகரங்கள், எட்டு புதிய அணிகள், திரைப்பட நட்சத்திரங்கள், கிரிக்கெட் வீரர்கள், மின்விளக்குகள். அணி ஒன்று ஆண்டுக்குச் சுமார் 15 கோடி ரூபாய் பங்கேற்புக் கட்டணம் செலுத்த வேண்டும் என்று பத்திரிகைகள் எழுதின. இப்புதிய லீகில் ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. முதலிட்டவன் தன் பணம் ஒரே பருவத்தில் கீழ்ப்பிரிவில் போய் விழுவதை விரும்புவானா? அவன் பக்கத்து நியாயத்தையும் நாம் ஒதுக்கிவிட இயலாது. ஆனால் 2007 முதல் நாட்டின் தலைமை லீகாக நடந்துவந்த ஐ-லீகின் கழகங்கள் ஒரே இரவில் கதவுக்கு வெளியே நிற்பவை ஆயின.

இதன் துயரத்தை முதலில் அனுபவித்தவர்களில் நம்மவரும் உண்டு. 2019ஆம் ஆண்டு மார்ச் 9ஆம் நாள், கோயம்புத்தூர் நேரு அரங்கத்தில் சென்னை சிட்டி கழகம் மினர்வா பஞ்சாபை எதிர்த்து ஆடியது. வென்றால் ஐ-லீக் பட்டம். தவறினால், அதே நேரத்தில் கோழிக்கோட்டில் ஆடிக்கொண்டிருந்த ஈஸ்ட் பெங்கால் அதைப் பறித்துக்கொள்ளக் கூடும். ஆரம்பத்திலேயே ஒரு கோல் வாங்கி, பின்னர் 3-1 என்று வென்றது சென்னை சிட்டி. புள்ளிகள் 43, ஈஸ்ட் பெங்காலுக்கு 42. வேறு காலமாக இருந்தால் தேசத்தின் முதல் கழகம் என்ற கௌரவத்துடன் பல ஆண்டுகள் வாழ்ந்திருக்கும். அடுத்த பருவம் முதலே ஐ-லீக் இரண்டாம் படிக்குத் தள்ளப்பட்டது. சுவிட்சர்லாந்தின் பாஸல் கழகம் அதே 2019இல் பங்கு வாங்கிய போதிலும், சில ஆண்டுகளுக்குள்ளேயே சென்னை சிட்டி தேசிய லீகிலிருந்து மறைந்துவிட்டது. வென்றவனுக்கு ஏற ஏணி இல்லை. ஏணி வந்தபோது ஏறுவதற்கு அவன் இல்லை.

அந்த ஏணியை அமைத்தது ஆசியக் கால்பந்துக் கூட்டமைப்பு. 2019 அக்டோபரில் கோலாலம்பூரில் கூடிப் பேசி வகுத்த திட்டப்படி, சூப்பர் லீக் முதற் படியாகும். 2022-23ஆம் பருவம் முதல் ஐ-லீகில் முதலிடம் பெறும் கழகம் பங்கேற்புக் கட்டணமின்றியே மேலே ஏறும். 2024-25இல் ஏற்றம், இறக்கம் இரண்டும் முழுமையாக நடைமுறைக்கு வர வேண்டும். கேரளத்தின் கோகுலம் கழகம் 2020-21, 2021-22 ஆகிய இரு பருவங்களிலும் வென்றும், விதி அமலுக்கு வருமுன் வென்றபடியால் இருந்த இடத்திலேயே இருந்தது. முதன்முதலில் ஏறியது 2022-23இல் வென்ற பஞ்சாப் கழகம்.

இதற்கிடையில் பெரிய கழகங்கள் இரண்டும் வேறு வழியாக மேலே சென்றன. 2020இல் மோகன் பகான் ஒரு பெரும் வாணிபக் குழுமத்துக்கு 80 விழுக்காட்டுப் பங்கை அளித்து, ஏற்கெனவே சூப்பர் லீகில் இருந்த ஏ.டி.கே. அணியுடன் இணைந்தது. பெயருக்கு முன்னால் மூன்று எழுத்துகள் சேர்ந்ததை அபிமானிகள் மூன்று ஆண்டுகள் பொறுக்கவில்லை, கோஷமிட்டார்கள், பதாகை தூக்கினார்கள். 2023 மார்ச்சில் கோப்பையை வென்ற அன்றே அந்த எழுத்துகள் நீங்கும் என்று உரிமையாளர் அறிவித்தார். ஈஸ்ட் பெங்காலின் கதை வேறுவிதம். அதே 2020இல் சிமென்ட் நிறுவனம் ஒன்றின் பணத்தால் சூப்பர் லீகில் இடம் பெற்ற அக்கழகத்தின் நிர்வாகிகள், இறுதி ஒப்பந்தத்தில் கையெழுத்திட மறுத்தார்கள். கழகத்தின் உரிமை கைவிட்டுப் போய்விடும் என்பது அவர்கள் அச்சம். 2021 ஜூலை 21ஆம் நாள் கழகக் கூடாரத்தின் முன் அபிமானிகள் திரண்டு, ‘கையெழுத்திடுங்கள்’ என்று ஒரு சாராரும் ‘வேண்டாம்’ என்று மற்றொரு சாராரும் முழங்க, காவல்துறை தடியடி நடத்தியது. தீவட்டி ஏந்திச் சென்றவர்களின் பேரர்கள் இம்முறை தங்கள் கழகத்தின் வாயிலிலேயே வரவு செலவைப் பற்றி வாதாடினார்கள். அபிமானிக்குக் கணக்குத் தெரியாது என்று சற்று முன் கூறினோமே, அதை இந்த அளவுக்குத் திருத்திக்கொள்ளலாம்: தேவை வரும்போது அவர் அதை வெகு விரைவில் கற்றுக்கொள்கிறார்.

முகமதன் ஸ்போர்ட்டிங்கோ ஆட்டத்தின் மூலமே ஏறியது. இரண்டாம் டிவிஷனில் பல ஆண்டுகள் கிடந்து, ஐ-லீகுக்கு வந்து, 2022 மே மாதம் சால்ட் லேக்கில் கோகுலத்திடம் 2-1 என்று தோற்றுப் பட்டத்தை நழுவவிட்டு, இறுதியில் 2024 ஏப்ரல் 6ஆம் நாள் ஷில்லாங்கில் லாஜோங் கழகத்தை 2-1 என்று வென்று ஐ-லீக் பட்டத்தையும் பிரிவு ஏற்றத்தையும் ஒருங்கே பெற்றது. 1934க்குப் பின் தொண்ணூறு ஆண்டுகள். பழைய அதிசயம் மீண்டும் நிகழும் என்று முதியவர்கள் எதிர்பார்த்ததில் வியப்பில்லை. சூப்பர் லீகில் அதன் முதல் வெற்றி சென்னையிலேயே கிட்டியது. 2024 செப்டம்பர் 26ஆம் நாள் சென்னையின் அணியை 1-0 என்று வென்றது. அந்தப் பருவத்தில் மற்றொரு வெற்றி பெங்களூருவில், அத்துடன் சரி. 24 ஆட்டங்களில் இரண்டே வெற்றிகள்; 13 அணிகளில் கடைசி இடம்.

ஆட்டம் மட்டும் தோற்கவில்லை. முதலீட்டாளர்களுக்குள்ளும் கழகத்துக்கும் அவர்களுக்கும் இடையிலும் பிணக்கு எழுந்து சம்பளம் நின்றது. மேலே ஏற்றிவிட்ட ரஷ்யப் பயிற்சியாளர் செர்னிஷோவ், மூன்று மாதச் சம்பளம் வரவில்லை என்று கூறி 2025 ஜனவரியில் விலகினார். ஆட்டக்காரர்கள் பயிற்சிக்கு வர மறுத்த நாட்களும் உண்டு. இதில் நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டியது, ஏற்றத்தின் மறுநாளே செலவு பன்மடங்காகிறது என்பதுதான். வரவு அவ்வாறு பெருகுவதில்லை. கட்டணம் விலக்கப்பட்டது சலுகைதான். ஆனால் சம்பளத்தை எவரும் விலக்கவில்லை. பட்டம் வென்ற உற்சாகத்தில் செய்துகொண்ட வாக்குறுதிகளைத் தாங்கும் வலிமை கழகத்துக்கு உண்டா என்று சோதித்த பின்பே ஏற்றத்தை அளித்திருக்க வேண்டும். அவ்வாறு சோதிப்பதற்கு உரிம விதிகள் இருக்கின்றன. அவை காகிதத்தோடு நின்றதுதான் குறை. கடைசி இடத்தில் நின்றும் முகமதன் கீழே இறங்கவில்லை. ஏனெனில் 2024-25இல் வர வேண்டிய இறக்கம் வரவில்லை. துலாக்கோலுக்கு ஒரு தட்டுதான் கட்டப்பட்டிருந்தது.

அதே பருவத்தில் ஐ-லீகில் நடந்ததும் விசித்திரமானது. 2023இல் தோன்றிய இன்டர் காசி என்ற கழகம் வாராணசியின் பெயரைத் தாங்கி, சொந்த ஆட்டங்களை வங்காளத்துக் கல்யாணியில் ஆடியது. கோவாவின் சர்ச்சில் பிரதர்ஸ் 40 புள்ளிகளுடன் முதலிடம் என்று 2025 ஏப்ரலில் அறிவிக்கப்பட்டு, கோப்பையும் கையளிக்கப்பட்டது. பதிவு விதிகள் குறித்த வழக்கு லொசான் நகரத்து விளையாட்டு நடுவர் மன்றம் வரை சென்று, ஜூலையில் தீர்ப்பு இன்டர் காசிக்குச் சாதகமாயிற்று. ஏற்றம் அவர்களுடையதாயிற்று. தன் ஊரில் தன் ஜனங்கள் முன் ஆடாத கழகம் மேலே. தலைமுறைகளாக ஆடிவரும் கழகம் கீழே. இதில் அநீதி இல்லை என்றே நாம் கருதுகிறோம். ஆட்டத்தாலும் விதியாலும் வென்றவன் ஏறத்தான் வேண்டும். கூட்டத்தின் அளவை வைத்து ஏற்றம் தருவதாயின் ஆடவே வேண்டியதில்லை. கதவில் நின்று தலையை எண்ணினால் போதும்.

கூட்டம் எதற்குத்தான் பயன்படும் என்பதற்கு இங்கிலாந்தின் சண்டர்லாந்து ஊரைப் பார்க்கலாம். கப்பல் கட்டும் தொழிலும் நிலக்கரிச் சுரங்கமும் மூடப்பட்ட ஊர் அது. மூடிய சுரங்கம் இருந்த இடத்திலேயே கழகத்தின் அரங்கம் 1997இல் எழுந்தது. 2017லும் 2018லும் அடுத்தடுத்து இறங்கி அந்தக் கழகம் மூன்றாம் பிரிவில் போய் விழுந்தது. அந்தப் பிரிவில் 2018 டிசம்பர் 26ஆம் நாள் ஒரே ஆட்டத்துக்கு 46,039 பேர் வந்தார்கள். ஒவ்வோர் ஆண்டும் ‘இந்த ஆண்டு ஏறிவிடுவோம்’ என்று எதிர்பார்த்து ஏமாந்தார்கள். 2022இல்தான் இரண்டாம் பிரிவுக்கு வந்தார்கள். 2025 மே 24ஆம் நாள் வெம்பிளியில் கடைசி நிமிஷத்துக்கும் அப்பால் அடித்த கோலால் முதற் பிரிவை எட்டினார்கள். அங்கே மேற்பிரிவிலிருந்து இறங்கும் கழகத்துக்குத் தொலைக்காட்சி வருவாயில் மூன்று ஆண்டுகள் வரை பங்கு தரும் ஏற்பாடு உண்டு. அது தீர்ந்த பின்னரும் அந்தக் கழகத்தை உயிருடன் வைத்திருந்ததில் வாராவாரம் வந்த முப்பதினாயிரம் பேருக்குப் பெரும் பங்கு உண்டு.

நம் நாட்டில் இறங்குபவனுக்கு அத்தகைய தாங்கு ஏதும் இல்லை. ஆகையால் எவரும் இறங்கச் சம்மதிப்பதில்லை. எவரும் இறங்காதபடியால் மேலே அணிகள் பெருகிக்கொண்டே போயின. 2014இல் எட்டாக இருந்தவை 2026இல் பதினான்காயின. வருவாய் அதற்கேற்பப் பெருகவில்லை. முன்னர்க் கூறிய 15 ஆண்டு ஒப்பந்தம் 2025 டிசம்பரில் முடிவதாக இருந்ததால், ஜூலையிலேயே புதிய பருவம் நிறுத்தி வைக்கப்பட்டது. உரிமைகளை வாங்க நவம்பர் வரை ஒருவரும் ஏலம் கேட்கவில்லை. கழகங்கள் சில தம் பணிகளை நிறுத்தின. 2026 ஜனவரியில் மத்திய விளையாட்டுத்துறை அமைச்சர் தலையிட்ட பிறகே, பிப்ரவரி 14ஆம் நாள் ஆட்டங்கள் தொடங்கும் என்ற அறிவிப்பு வந்தது.

இந்த மாதங்களிலும் கொல்கத்தாவின் டென்ட்டுகளில் மாலைதோறும் அங்கத்தினர்கள் கூடித்தான் இருந்தார்கள். அங்கத்தினர் சீட்டைப் புதுப்பிக்கும் வரிசையும் நிற்கத்தான் செய்தது. கழகத்துக்கு முதலீட்டாளர் யார், உரிமம் கிடைத்ததா, சம்பளம் கொடுத்தாயிற்றா என்ற கேள்விகளை நிர்வாகிகளிடம் அவர்கள் நேரே கேட்கும் இடம் அதுவே. கொல்கத்தாவில் வாழும் நம் நேயர்கள் ஜூலை, ஆகஸ்டு மாதங்களில் உள்ளூர் லீக் நடைபெறும் ஒரு நாளில் அங்கே சென்று பார்க்கலாம். சால்ட் லேக்கின் பெருங்கூட்டம் அங்கே இராது. சீட்டின் விலையும் அதிகமில்லை. மழைக்காலமாதலால் குடை அவசியம். காலரியில் குடையை விரித்தால் பின்னால் இருப்பவர் விடமாட்டார் என்பதையும் முன்கூட்டியே சொல்லி வைக்கிறோம்.